குரலும் ஒப்பந்தமும்: இலங்கைத் தமிழ் வானொலி அறிவிப்பாளர் குறித்துச் சில சிந்தனைகள்

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றி நம்மிடையே எழுந்துள்ள விமர்சனங்கள் பெரும்பாலும் அச்சாதனங்கள் எதைச் சொல்கின்றன என்பதையே ஆராய்ந்து வந்துள்ளன. பத்திரிகையாயின் அதன் ஆசிரியத் தலையங்கமும், திரைப்படமாயின் அதன் கதையும், வானொலியாயின் அதன் பாட்டும் நாடகமும் உச்சரிப்பும் விமர்சகரின் கவனத்தைப் பெற்றன. சொல்பவர் எந்த நிபந்தனைகளின் கீழ் நின்று சொல்கிறார், அவரது குரலால் விளையும் பயன் எவரைச் சென்றடைகிறது, அவர் விலகிச் சென்றபின் அக்குரல் எவருக்குச் சொந்தமாகிறது ஆகிய வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. கலையைப் பேசுமிடத்துக் கூலியைப் பேசுவது நாகரிகமன்று என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின் கலைஞனின் கூலியைப் பேசாத விமர்சனம் அவனது கலையையும் முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இலங்கை வானொலி என்றவுடன் 'பொற்காலம்' என்ற சொல் தானாகவே வந்து விழுகின்றது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் பாக்கு நீரிணையின் இருமருங்கும் இன்றும் அன்போடு உச்சரிக்கப்படுகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் பெற்றோர், காலையில் எந்நேரம் எவர் குரல் ஒலித்தது என்பதை மணிக்கூட்டைப் போலச் சொல்லவல்லவர்கள். இவ்வறிவிப்பாளரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளுக்கும் பாராட்டு மலர்களுக்கும் குறைவில்லை. எனினும் அவற்றுள் நான் படித்த எதிலும் அவர்தம் நியமனக் கடிதத்தில் யாது எழுதப்பட்டிருந்தது என்ற கேள்வி கேட்கப்படவில்லை. புகழின் அளவை நாம் அறிவோம். அப்புகழ் அவர்களுக்கு எத்தகைய பேரம்பேசும் ஆற்றலைத் தந்தது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

இதனை விளங்கிக்கொள்ள இலங்கை வானொலியின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1925 ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நேசப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் இங்கு நிறுவிய வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பி, யுத்தம் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கப்பட்டது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசைக்கு அகில இந்திய வானொலியின் கதவை அடைக்க முற்பட்டார். அதனால் இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். கொழும்பு டொரிங்டன் சதுக்கத்திலிருந்து எழுந்த குரலை இந்தியத் துணைக்கண்டமே கேட்டது என்ற பெருமையின் பின்னணி இதுவே. அப்பெருமையில் அறிவிப்பாளரின் திறமைக்குப் பெரும் பங்குண்டு. யுத்தம் விட்டுச்சென்ற இயந்திரத்துக்கும் அயல்நாட்டு அமைச்சரொருவரின் பிடிவாதத்துக்கும் ஒரு பங்குண்டு.

இவ்விடத்தில் ஒரே ஒலிபரப்பியின் வழியே புகழ்பெற்ற இருவகைக் குரல்களை ஒப்பிடுதல் பயன்தரும்.

முதல் வகைக்கு அமீன் சயானி தக்க சான்றாவார். 1952 இறுதியில் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் வாராந்த நிகழ்ச்சியை அவர் நடத்தினார். எழுத்து, தயாரிப்பு, அறிவிப்பு, நேயர் கடிதங்களைப் பார்த்தல் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து அவருக்குத் தொடக்கத்தில் வாரமொன்றுக்குக் கிடைத்தது 25 ரூபா. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 25 ரூபாவையும் 9,000 கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குரலின் விலைக்கும் அதன் பெறுமதிக்கும் இடையேயுள்ள தூரம் தெளிவாகும். ஆயின் சயானி இலங்கை வானொலியின் ஊழியரல்லர். நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, நாடா கொழும்புக்கு அனுப்பப்பட்டது. பற்பசை விற்ற கம்பனி பணம் கொடுத்தது. கொழும்பு நிலையம் நேரத்தை மட்டுமே விற்றது. எனவே 1989 இல் அந்நிகழ்ச்சி கொழும்பை விட்டு இந்தியாவின் விவித் பாரதிக்குப் பெயர்ந்தபோது, பெயரும் குரலும் சேர்ந்தே சென்றன. பற்பசையின் பெயர் மாறியபோது நிகழ்ச்சிப் பெயரின் முற்பாதி 'சிபாக்கா' என மாறியதுண்டு. சயானியின் குரல் மாறவில்லை. 2024 இல் அவர் மறைந்தபோது உலகம் கீத்மாலாவை அவருடைய ஆக்கமாகவே நினைவுகூர்ந்தது.

இரண்டாம் வகையினர் கொழும்பு நிலையத்தின் உள்ளேயே இருந்து பணிபுரிந்த நம் தமிழ் அறிவிப்பாளர்கள். 1967 வரை இலங்கை வானொலி ஓர் அரச திணைக்களம். அவ்வாண்டு முதல் அது கூட்டுத்தாபனம். நிரந்தர நியமனம் பெற்றோரும் பகுதிநேர அறிவிப்பாளராக அழைக்கப்பட்டோரும் அங்கிருந்தனர். இரு சாராருக்கும் நிறுவனம் வகுத்த விதிகளே இருந்தன. ஒருவரது குரலைக் கேட்பதற்காகக் கடல்கடந்து கடிதங்கள் வந்து குவிந்தாலும் அவரது சம்பளத் திட்டத்தில் அக்கடிதங்களுக்கு இடமில்லை. கே. எஸ். ராஜா விளம்பரம் செய்தால் திரையரங்கு நிரம்பும் என்று அக்கால ரசிகர்கள் சொல்வர். அக்கூற்று உண்மையாயின், திரையரங்கு உரிமையாளர் பயன்பெற்றார். விளம்பர நேரத்தை விற்ற நிறுவனம் பயன்பெற்றது. குரலுக்குரியவர் பெற்றது புகழ்.

இதற்குக் காரணம் எவரது தனிப்பட்ட வஞ்சகமுமன்று. பேரம் என்பது வேறிடம் செல்லக்கூடியவனுக்கே வாய்ப்பது. 1990 களின் முற்பகுதி வரை இந்நாட்டில் ஒலிபரப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது. தமிழில் அறிவிப்புச் செய்ய விரும்பிய ஒருவருக்குச் செல்ல ஒரு வாயில். வெளியேறவும் அதே வாயில். நெசவாளருக்கு ஒரே முதலாளி இருக்கும் ஊரில் நெசவின் நேர்த்தி கூலியை உயர்த்துவதில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். பேரம்பேச இயலாத அவ்வமைப்பே அறிவிப்பாளருக்கு ஒரு பாதுகாப்பையும் அளித்தது. இவ்வாரம் நேயர் குறைந்தனர் என்று அடுத்த வாரம் வெளியேற்றப்படும் அச்சம் நிரந்தர ஊழியருக்கு இருக்கவில்லை. உச்சரிப்பைத் திருத்தவும், நாடகமும் கவியரங்கும் மெல்லிசையும் ஒரே கூரையின் கீழ்ப் பயிலவும் அவகாசம் கிடைத்தது. ராஜேஸ்வரி சண்முகம் நாடக நடிகையாகவும் அறிவிப்பாளராகவும் ஒருங்கே மிளிர முடிந்தமைக்கு அந்த அவகாசமே துணைநின்றது என்பேன். ஆகவே அக்காலத்தைச் சுரண்டலின் காலமென ஒரே சொல்லில் ஒதுக்குவதும், பொற்காலமென ஒரே சொல்லிற் போற்றுவதும் ஒருபோலக் குறையுடையன.

பேரம் இடம்பெறும் நாடுகளில் எதைக் குறித்துப் பேரம் பேசப்படுகிறது என்பதை நோக்கினால் நமது நிலை மேலும் துலங்கும். 1948 இன் இறுதியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற வானொலி நகைச்சுவையாளர் ஜக் பெனி, தாம் நெடுங்காலம் பணியாற்றிய என்.பி.சி. நிறுவனத்தை விட்டு, அதன் போட்டியாளரான சி.பி.எஸ். நிறுவனத்துடன் உடன்பாடு செய்தார். சி.பி.எஸ். தலைவர் வில்லியம் பேலி அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக்கொடுப்பதாக மட்டும் சொல்லவில்லை. நட்சத்திரத்தின் நிகழ்ச்சியை ஒரு கம்பனியின் சொத்தாகக் கருதி அதனை விலைக்கு வாங்கினார். அவ்வாறு பெற்ற பணத்துக்கு வருமான வரியிலும் குறைந்த மூலதன ஆதாய வரியே விதிக்கப்படும் என்பது அதிலிருந்த சூக்குமம். நகைச்சுவையாளர் நிலையத்தின் கூலியாளர் என்ற நிலையிலிருந்து, தம் நிகழ்ச்சியின் உடைமையாளர் என்ற நிலைக்கு உயர்ந்தார்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. ஹவார்ட் ஸ்டேர்ன் என்பார் 2004 இல் சிரியஸ் செய்மதி வானொலியுடன் 5 ஆண்டுக்கு 50 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்தார். அவரது குழுவினரின் ஊதியமும் தயாரிப்புச் செலவும் அதனுள் அடங்கும். அத்தொகையைக் கேட்டு வியப்போர் பலர். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2006 இல் நிகழ்ந்த வேறொரு சம்பவம். அவர் முன்னர் பணியாற்றிய சி.பி.எஸ். வானொலி அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. வழக்கு இணக்கத்தில் முடிந்தபோது, புதிய நிறுவனம் பழைய நிறுவனத்துக்கு 20 இலட்சம் டொலர் செலுத்தி, ஏறத்தாழ 20 ஆண்டுக்கால ஒலிப்பதிவுகளின் உரிமையைப் பெற்றுக்கொண்டது. பேசி முடித்த சொற்களுக்கும் ஒரு விலை உண்டு, அவை எவரிடம் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் தீர்மானிக்கப்பட வேண்டிய விடயம் என்பதை இச்சம்பவம் உணர்த்துகிறது.

இனி நமது பக்கம் திரும்புவோம். இந்நாட்டின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் ஒருவர் தம் தொழிலின்போது ஆக்கிய படைப்பின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, தொழில்கொள்வோரைச் சேரும். 'வேறு உடன்பாடு இல்லாதவிடத்து' என்ற தொடர் இங்கு மனங்கொள்ளத்தக்கது. சட்டம் கதவை முற்றாக அடைக்கவில்லை. உடன்பாட்டினால் திறக்கக்கூடிய ஒரு கதவை விட்டுவைத்திருக்கிறது. அதைத் தட்டும் பழக்கம் நம் அறிவிப்பாளரிடையே வளரவில்லை. நிகழ்ச்சியொன்றின் அமைப்பு வெறும் எண்ணமாகக் கருதப்படுமாதலின் அதற்குப் பதிப்புரிமையும் இல்லை. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை வானொலியில் வளர்த்த அப்துல் ஹமீத், பின்னாளில் தமிழகச் செய்மதித் தொலைக்காட்சியிலும் அதனை நடத்திப் பெரும் வரவேற்பைப் பெற்றார். அவருக்குத் துணைநின்றது அவரது ஆளுமையே, எழுத்திலான உரிமையன்று. அத்தகைய ஆளுமையும் வாய்ப்பும் அமையாத ஏனையோரின் நிகழ்ச்சிகள் நிலையத்தின் பழைய அட்டவணைகளோடு தங்கிவிட்டன.

குரற்பதிவுகளின் கதி இன்னும் துயரமானது. இன்று இணையத்தில் உலவும் அக்காலப் பதிவுகளிற் பல, நேயர்கள் தம் வீட்டு ஒலிப்பதிவுக் கருவியில் தற்செயலாகப் பதிந்து வைத்தவை. 1981 இல் நூலகத்தையே தீக்குப் பறிகொடுத்த ஒரு சமூகம், தன் குரல்களின் சேமிப்பை நேயர்களின் அலுமாரிகளுக்கு விட்டுவைத்திருக்கிறது. அமெரிக்க நட்சத்திரமொருவரின் ஒலிநாடாக்களுக்காக வழக்கு நடந்தது. நம்மவர் நாடாக்களுக்காக வழக்காடுவதற்கும் எவரும் இருக்கவில்லை.

1998 இல் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். ஆகிய தனியார் தமிழ் வானொலிகள் தோன்றியபோது ஏகபோகம் தமிழிலும் உடைந்தது. அறிவிப்பாளர் ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாயினர். காலி வீதி உணவுக் கடையிலும், கொட்டாஞ்சேனை முச்சக்கர வண்டியிலும், 'அவர் இப்போது அங்கே போய்விட்டாராம்' என்று பேசப்படும் நிலை வந்தது. இது வரலாற்றில் ஒரு முன்னேற்றம். வெளியேறும் வாயில் இருப்பதாலேயே உள்ளே மதிப்புக் கிடைக்கிறது. ஆயினும் அம்மதிப்பு எதற்கு என்று பார்க்குமிடத்து ஏமாற்றமே எஞ்சுகிறது. தனியார் நிலையம் விற்பது விளம்பர நேரம். ஆதலால் விளம்பரத்தை ஈர்க்கும் காலைநேரக் குரலுக்கு விலையுண்டு. நள்ளிரவில் இலக்கியம் பேசுபவர்க்கும், நாடகம் எழுதுபவர்க்கும், செய்தியைப் பிழையின்றி மொழிபெயர்ப்பவர்க்கும் அவ்விலை இல்லை. சிலர் நட்சத்திரமாயினர், பலர் மணித்தியாலக் கூலியாளராகவே இருக்கின்றனர்.

வெள்ளவத்தையைச் சேர்ந்த சக மாணவர் ஒருவர் வார இறுதிகளில் வானொலி ஒன்றிற் பணியாற்ற அழைக்கப்பட்டார். பெருமிதத்தோடு அவர் காட்டிய இரு பக்க ஆவணத்தை நாங்கள் சிற்றுண்டிச்சாலை மேசையில் வைத்து வாசித்தோம். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் ஊழியரல்லர், 'சேவை வழங்குநர்' என அது கூறிற்று. எனவே ஊழியர் சேமலாப நிதி இல்லை. அவரது குரற்பதிவு அனைத்தும் எக்காலத்துக்கும் நிறுவனத்துக்கே உரியன. ஒலிபரப்பிற் பயன்படுத்தும் பெயரும் அவ்வாறே. விலகினால் ஆறு மாதங்களுக்கு வேறெந்த ஒலிபரப்பிலும் தோன்றலாகாது. நிறுவனமோ முன்னறிவித்தலின்றி அவரை நிறுத்தலாம். 'இதில் எதை மாற்றக் கேட்டாய்?' என்று வினவினோம். 'கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது' என்றார் அவர். தமிழ்ச் சிறப்புப் பாடத்தில் தொல்காப்பியத்துக்கு உரை சொல்லும் ஒருவர், தம் குரலை எழுதிக்கொடுக்கும் ஆவணத்துக்கு உரை கேட்கவில்லை. அவரைக் குறைகூறி நான் இதை எழுதவில்லை. அவ்விடத்தில் நானும் அவ்வாறே கையொப்பமிட்டிருப்பேன்.

இந்நாட்டில் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத நிபந்தனை ஒன்றும் உண்டு. கே. எஸ். ராஜா 1994 இல் கொழும்பிற் கொல்லப்பட்டார். சூரியன் எப்.எம். செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் 2006 ஆகஸ்டில் கடத்தப்பட்டு மறுநாள் விடுவிக்கப்பட்டார். 2007 ஒக்டோபரில் அவ்வானொலி அடங்கிய ஒலிபரப்புக் குழுமத்தின் அனுமதிப்பத்திரமே இரத்துச் செய்யப்பட்டு, அதன் நிலையங்கள் மௌனமாக்கப்பட்டன. தனியார் ஒலிபரப்பு 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வழங்கும் அனுமதியில் தங்கியிருக்கிறது. நிலையத்தின் ஆயுள் அமைச்சரின் கையொப்பத்தில் இருக்கையில், அறிவிப்பாளரின் ஒப்பந்தம் மணலில் நாட்டிய தூணாகும். மேனாட்டு நட்சத்திரம் தொகையைக் குறித்துப் பேரம் பேசுகிறார்; நம் மண்ணின் அறிவிப்பாளர் சிலர் உயிரைக் குறித்து எவரோடும் பேரம் பேச வாய்ப்பின்றி நின்றனர். இவ்வேறுபாட்டைக் கருதாது அயல்நாட்டு அளவுகோலை அப்படியே இங்கு கொண்டுவருதல் பொருந்தாது.

இதுகாறும் இரு தரப்பினரைப் பற்றியே பேசினோம். மூன்றாமவர் ஒருவருளர். அவரே நேயர். அறிவிப்பாளர் பேரத்தில் முன்வைக்கும் மூலதனம் நேயரின் விசுவாசம். நிலையம் விளம்பரதாரருக்கு விற்பதும் நேயரின் செவி. இவ்விரு பேரங்களிலும் அவருக்கு ஆசனமில்லை. இதற்கு மாறான சிந்தனை நம் நாட்டு நீதிமன்றத்திலேயே எழுந்தது என்பது பலரறியாத செய்தி. 1995 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியபோது, அதிற் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவராக அன்றிப் பங்குகொள்ளும் நேயராக அவருக்கிருந்த கருத்து வெளியிடும் சுதந்திரம் மீறப்பட்டதென 1996 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றிய தீர்மானத்திலும் வானலைகள் பொதுச்சொத்து என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது. பொதுச்சொத்தின்மேல் ஏறி ஒலிக்கும் குரலின் ஒப்பந்தம் இருவருக்கிடையிலான இரகசியமாக மட்டும் இருத்தல் தகுமா?

பிரித்தானியாவின் பி.பி.சி. நிறுவனம் 2017 இல், ஆண்டுக்கு 1,50,000 பவுணுக்கு மேற் பெறும் தன் ஒலிபரப்பாளரின் ஊதியத்தைப் பகிரங்கப்படுத்த நேர்ந்தது. அதன் விளைவாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே நிலவிய ஊதிய வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்து பெரும் விவாதம் மூண்டது. பட்டியலின் உச்சியில் நின்ற வானொலி அறிவிப்பாளர் கிறிஸ் எவன்ஸ் 2019 இல் தனியார் நிலையமொன்றுக்குச் சென்றார். வெளிப்படையாக்கினால் நட்சத்திரம் போய்விடுவார் என்று அஞ்சியோர் இதைத் தம் வாதத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். நட்சத்திரமொன்று போனபின்னும் பி.பி.சி. வானொலி ஒலித்துக்கொண்டே இருக்கிறது; ஊதிய ஏற்றத்தாழ்வைப் பற்றிய கேள்வியோ அன்று பிறந்தது, இன்னும் அடங்கவில்லை. அதுவே பெரும் பயனாகும்.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு எளியது. ஒப்பந்தமொன்றை மதிப்பிடுகையில் சம்பளத் தொகையை இறுதியிலேயே பார்த்தல் வேண்டும். முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். விலகிச் செல்லும்போது அவர் தம் பெயரையும் குரலையும் உடன்கொண்டு செல்லலாமா? மனச்சான்றுக்கு ஒவ்வாத ஒன்றை வாசிக்க மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா? அவர் பேசியவை பேணப்படுமா, பேணப்பட்டால் பின்வருவோர் அவற்றைக் கேட்கலாமா? இம்மூன்றுக்கும் இசைவான விடையிருக்குமாயின் சிறு தொகையும் மதிப்புடையது. இல்லாதவிடத்துப் பெருந்தொகையும் குரலை அடகுவைத்துப் பெற்ற கடனேயாம்.

இக்கேள்விகளைத் தனியொருவராக நின்று கேட்பது கடினம். அறிவிப்பாளர் தமக்கென அமைப்பொன்றைக் கண்டு, தாய்மொழியில் எழுதப்பட்ட மாதிரி ஒப்பந்தமொன்றை முன்வைத்தல் முதற்படி. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அறிவிப்பாளர் போட்டி நடத்திக் கிண்ணம் வழங்குவதோடு நில்லாது, அத்தொழிலின் உரிமைகளைப் பற்றியும் ஒரு பட்டறை நடத்தலாம். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் எஞ்சியுள்ள தமிழ் ஒலிப்பதிவுகளின் பட்டியலை 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்பது எந்தக் குடிமகனுக்கும் இயல்வது. நினைவு மலர்களில் நாம் சொரியும் பாராட்டைக் காட்டிலும் அப்பட்டியல் மூத்த அறிவிப்பாளருக்குச் செய்யும் சிறந்த மரியாதையாகும்.

'நேயர் விருப்பம்' நிகழ்ச்சிக்கு ஒரு காலத்தில் நம் வீட்டார் தபாலட்டை எழுதினர். தம் பெயர் வானொலியில் வாசிக்கப்படுமா என்று காத்திருந்தனர். அப்பெயர்களை வாசித்தவரின் பெயர் எவ்வேட்டில், எந்நிபந்தனையோடு எழுதப்பட்டிருந்தது என்று இனியேனும் நாம் கேட்போமாக. அடுத்த ஆண்டும் நம் விரிவுரை மண்டபத்திலிருந்து ஒருவர் ஒலிவாங்கியின் முன் சென்று அமர்வார். அவர் கையொப்பமிடுமுன் அத்தாளை வாசித்துக்காட்ட ஒருவரேனும் அவரருகே இருத்தல் வேண்டும்.